தாப்பாவ்: சிங்கப்பூர், மலேசியக் கடைகளில் சாப்பாடு கட்டி வாங்குவது எப்படி?

சிங்கப்பூரில் வந்து இறங்கிய முதல் வாரமே இந்தக் கேள்வி உங்கள் முன் வந்து நிற்கும். உணவங்காடியில் ஏதோ ஒரு கடைமுன் வரிசையில் நின்று, படத்தைக் காட்டிச் சோறு கேட்பீர்கள். கரண்டியைக் கையில் பிடித்தபடி கடைக்காரம்மா, "மாக்கான் ஹியர், தாப்பாவ்?" என்பார். முதல் பாதி மலாயும் ஆங்கிலமும். 'மாக்கான்' என்றால் சாப்பிடுவது. இரண்டாம் பாதி சீனம், கட்டித் தரவா என்று பொருள். புரியாமல் தலையை ஆட்டினால் சோறு தட்டில் விழும். அறைக்கு எடுத்துப்போக வந்தவர் மேசை தேட வேண்டியதுதான்.

தமிழ்க் கடைகளில் இந்தச் சிக்கல் இல்லை. தேக்கா நிலையத்தில் இருக்கும் நம்மவர் கடைகளில் 'பார்சல்' என்றாலே போதும். சீனக் கடையில் பெரியவர்கள் நடத்தினால் 'பார்சல்' என்பது சில சமயம் அஞ்சல் பொட்டலமாகத்தான் காதில் விழும். 'டேக் அவே' எல்லோருக்கும் புரியும், ஆனால் வரிசை நீளமாக இருக்கும்போது 'தாப்பாவ்' என்ற ஒற்றைச் சொல் போல வேலை நடக்காது.

சொல்லும் உச்சரிப்பும்

மாண்டரினில் 'தா' என்றால் அடி, செய். 'பாவ்' என்றால் பொதி, மூட்டை. இரண்டும் சேர்ந்தால் நம் 'மூட்டை கட்டு'. ஊருக்குப் போகப் பெட்டி படுக்கை கட்டுவதற்கும் சீனர்கள் இதே சொல்லைத்தான் சொல்வார்கள். ஆவியில் வேகவைத்து விற்கிற 'பாவ்' ரொட்டியின் பெயரும் இதே 'பாவ்'தான், பூரணத்தை மாவுக்குள் பொதிவதால்.

ஆங்கில எழுத்தில் சிங்கப்பூர்க்காரர்கள் இதை டி, பி போட்டு 'டாபாவோ' என்று படிக்கும்படி எழுதுவார்கள். மலேசியர்கள் 'தாபாவ்' என்று படிக்கும்படி எழுதுவார்கள். இரண்டும் ஒரே சொல்தான். மாண்டரினில் இந்த இரண்டு ஓசைகளும் மூச்சை வெளியே தள்ளாத வல்லினம். நம் 'தாத்தா'வின் முதல் தா, 'பால்' என்பதன் பா, இந்த இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டால் சரியாக வரும். ஆங்கில எழுத்தைப் பார்த்து 'டா' என்று நாக்கை மடிக்க வேண்டியதில்லை. தமிழில் நடுவில் ஒரு 'ப்' சேர்த்து எழுதுவது ஏனென்றால், அது இல்லாவிட்டால் நம் வாய் பழக்கத்தால் இரண்டாவது 'பா'வை மெலித்துவிடும். முதல் அசையைத் தாழ்த்தியும் இரண்டாவதை உயர்த்தி நீட்டியும் சொல்லுங்கள். தா தாழ்வு, பாவ் உயர்வு. தொனி கொஞ்சம் பிசகினாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இந்தச் சொல் இப்போது சீனர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. மலாய்க்காரர், தமிழர், யூரேசியர் எல்லோரும் "எனக்கு ஒண்ணு தாப்பாவ் பண்ணிட்டு வா" என்கிறார்கள். 2025 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியும் மலேசிய எழுத்துக்கூட்டலோடு இதைச் சேர்த்துக்கொண்டது. பெருந்தொற்றுக் காலத்தில் 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 18 வரை சிங்கப்பூரில் கடையில் உட்கார்ந்து சாப்பிடவே தடை இருந்தது. அந்த இரண்டரை மாதம் ஊர் முழுக்கத் தாப்பாவில்தான் சாப்பிட்டது.

எந்த ஊரில் எந்தச் சொல்

மலேசியாவில் மலாய்க் கடை, மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் உணவகம்) இரண்டிலும் 'புங்குஸ்' என்பதே முதல் சொல். "மாக்கான் சினி, புங்குஸ்?" என்றால் இங்கேயே சாப்பிடவா, கட்டவா என்று கேட்கிறார். சீனக் கடையில் 'தாப்பாவ்'. இரண்டில் எதைச் சொன்னாலும் எல்லாக் கடையிலும் புரியும்.

சீனாவுக்கே போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அங்கே உணவகத்தில் 'தாப்பாவ்' என்றதும் முதலில் மனத்தில் வருவது சாப்பிட்டு மிஞ்சியதைக் கட்டுவது. வாங்கும்போதே எடுத்துப்போவதாக இருந்தால் 'தாய் ட்ஸோவ்' என்பார்கள், கொண்டுபோகிறேன் என்று பொருள். வீட்டுக்கே வரவழைப்பது 'வாய் மாய்'. தாப்பாவ் என்றாலும் புரிந்துகொள்வார்கள், ஆனால் கேள்வி 'தாய் ட்ஸோவ்' என்று வந்தால் விழிக்காதீர்கள்.

ஹாங்காங் தேநீர்க் கடைகள் தனி உலகம். அங்கே கடைப்பையன் சமையலறையைப் பார்த்து 'ஹாங் காய்' என்று கத்தினால், அந்தப் பானம் வெளியே போகிறது என்று அர்த்தம். சொல்லுக்கு நேர்ப்பொருள் தெருவில் உலாவப் போவது. வெறும் சோற்றை 'அழகன்' என்றும் வெறும் கஞ்சியை 'அழகி' என்றும் கூப்பிடுகிற குறும்பு மொழி அது. வாடிக்கையாளர் அதைப் பேச வேண்டியதில்லை. பொதுச்சொல்லான 'ஙொய் மாய்' போதும்.

கடைமுன்: எதை முதலில் சொல்வது

நம்மூரில் "ரெண்டு மசால் தோசை, ஒரு வடை, பார்சல்" என்று கடைசியில் சொல்லிப் பழக்கம். இங்கே அதை மாற்றிக்கொள்ளுங்கள். குறிப்பாக 'எக்கனாமிக் ரைஸ்' எனப்படும் சீனச் சாப்பாட்டுக் கடையில் (மாண்டரினில் 'ட்சாய் ஃபான்') தாப்பாவ்தான் முதல் சொல்லாக இருக்க வேண்டும். அங்கே பத்திருபது தட்டுகளில் கறி, காய், முட்டை என்று வரிசையாக வைத்திருப்பார்கள். கடைக்காரர் முதலில் செய்வது சோறு எடுப்பது. தட்டில் எடுப்பதா, பெட்டியிலா, தாளிலா என்று அவர் கை முடிவெடுப்பது அந்த நொடியில்தான். மூன்று வகையும் காட்டி முடித்த பிறகு தாப்பாவ் என்றால், தட்டிலிருந்து பெட்டிக்குக் கவிழ்ப்பார். குழம்பு சோற்றில் கலந்து, பொரித்தது அடியில் போய், பார்க்கவே மனசு வராத பொட்டலம் கிடைக்கும். பின்னால் நிற்பவர்களின் பெருமூச்சும் இலவசம்.

முறை இப்படி இருக்கட்டும். வரிசையில் உங்கள் முறை வந்ததும் "ஆண்ட்டி, தாப்பாவ்" அல்லது "அங்கிள், தாப்பாவ்". சிங்கப்பூரில் வயதான கடைக்காரர்களை எல்லா இனத்தவரும் இப்படித்தான் கூப்பிடுவார்கள். இளவயதுக்காரர் என்றால் 'பாஸ்'. மலேசிய மாமாக் கடையில் சீனரும் மலாய்க்காரரும்கூட 'அண்ணே' என்பார்கள், நமக்குக் கேட்கவே சுகமாக இருக்கும். அடுத்து எத்தனை பொட்டலம். ஆங்கிலத்தில் 'ஒன் பாக்கெட்', 'டூ பாக்கெட்'. மாண்டரினில் சொல்ல ஆசைப்பட்டால் ஒன்று 'ஈ பாவ்', இரண்டு 'லியாங் பாவ்', மூன்று 'சான் பாவ்'. எண்ணும்போது இரண்டுக்கு 'அர்' என்று படித்திருப்பீர்கள். பொருளை எண்ணிச் சொல்லும்போது அது 'லியாங்' ஆகிவிடும். கோழிச்சோறு 'ஜீ ஃபான்'. ஆக, "ஜீ ஃபான், லியாங் பாவ்". இவ்வளவு போதும்.

பிறகு மாற்றங்கள். மிளகாய் வேண்டாம் என்றால் 'பூ யாவ் லா ஜியாவ்'. மிளகாய் தனியாக என்றால் 'லா ஜியாவ் ஃபென் காய்'. சோறு குறைவாக 'ஷாவ் ஃபான்', கூடுதலாக 'ஜியா ஃபான்', இதற்குக் காசு கூடும். மலாய்க் கடையில் குழம்பு தனியாக வேண்டும் என்றால் 'குவா ஆசிங்'. இரண்டு பொட்டலம் வேறு வேறு மாதிரி வேண்டுமென்றால் ஒன்றை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். "ரெண்டு, அதில் ஒன்றுக்கு வெள்ளரி வேண்டாம், மற்றதுக்குக் காரம் கூட" என்று கலந்து சொன்னால் தப்பாக வரும். வந்த பிறகு எந்தப் பொட்டலம் எது என்றும் தெரியாது. "மார்க் பண்ணிக் கொடுங்க" என்று கேட்டால், பேனாவால் கோடு போடுவார், அல்லது ஒன்றுக்கு மட்டும் வேறு நிற ரப்பர் போடுவார்.

பெட்டிக்கும் பைக்கும் தனிக்காசு உண்டு. பல கடைகளில் 20 முதல் 50 காசு வரை இருக்கும், பலகையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பார்கள். அதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள். கட்டி வாங்கிவிட்டு அங்கேயே மேசையில் பிரித்துச் சாப்பிடுவது குற்றமில்லை. ஆனால் குப்பையை நீங்களேதான் எடுத்துப் போட வேண்டும். 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடிகளில் இது சட்டம். முதல் தடவை எழுத்துமூல எச்சரிக்கை, அடுத்த தடவை 300 வெள்ளி (டாலர்) அபராதம்.

'இறைச்சி' என்ற சொல்லில் உள்ள பொறி

புதிதாக வருகிற நம்மவர் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. உட்கார்ந்து சாப்பிட்டால் தட்டில் இருப்பதைப் பார்த்துக் கேட்கலாம். கட்டி வாங்கினால் வீட்டில் பிரிக்கும்போதுதான் தெரியும்.

மாண்டரினில் 'ரோவ்' என்றால் இறைச்சி. எந்த இறைச்சி என்று சொல்லாமல் வெறும் 'ரோவ்' என்றால் அது பன்றி. மலாயில் 'டாகிங்' என்றாலும் இறைச்சிதான். ஆனால் கடைப்பலகையில் வெறும் 'டாகிங்' என்று இருந்தால் அது பெரும்பாலும் மாடு. ஒரே பொருளுள்ள இரண்டு சொற்கள், இரண்டு அடுப்பில் இரண்டு விலங்கு. மாடு தவிர்ப்பவர்கள் 'டாகிங்', 'லெம்பு', 'நியு ரோவ்' மூன்றையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கோழி 'ஆயாம்', மாண்டரினில் 'ஜீ'. ஆடு 'காம்பிங்', மாண்டரினில் 'யாங் ரோவ்'. முட்டை 'தெலூர்'.

சைவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். கோழிச்சோற்றுக் கடையில் "கோழி வேண்டாம், சோறு மட்டும்" என்பது உதவாது, அந்தச் சோறே கோழிக் கொழுப்பிலும் சாற்றிலும் வெந்தது. நாசி லெமாக் எனும் தேங்காய்ப்பால் சோற்றோடு வரும் மிளகாய்ச் சம்பலில் நெத்திலி இருக்கும். சம்பல் பெலாச்சானில் புளிக்கவைத்த இறால் விழுது உண்டு. கீரை வதக்கலில் சிப்பிச் சாறு ஊற்றியிருப்பார்கள். சார் குவே தியாவ் எனும் வறுத்த அரிசி நூடுல்ஸில் சில கடைகள் பன்றிக் கொழுப்புச் சேர்க்கும். "நோ மீட்" என்று கேட்டால் இவற்றில் ஒன்றும் கணக்கில் வராது. கடைக்காரர் கண்ணில் அவையெல்லாம் இறைச்சியே இல்லை.

அதனால் ஒவ்வொரு கடையாக விசாரிப்பதைவிட, சீனச் சைவக் கடையைத் தேடிப் போவதே நிம்மதி. 'சூ' என்ற சொல் சைவத்தைக் குறிக்கும், 'நான் சைவம்' என்பது 'வோ ச்சர் சூ'. பௌத்த முறைச் சமையல் என்பதால் அங்கே வெங்காயம், பூண்டுகூட இருக்காது. தட்டில் கோழித் துண்டு, வாத்து, மீன் போலவே தெரிவதெல்லாம் சோயாவும் கோதுமைப் பசையும் காளானும்தான், பயப்பட வேண்டாம். முட்டை, பால் சேர்க்கும் கடைகளும் உண்டு என்பதால் அதை மட்டும் தனியாகக் கேளுங்கள். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் விரதம் இருப்பதால் அன்று சைவக் கடையில் கூட்டம் நெரியும்.

பையில் கட்டிய கோப்பி

பானங்களுக்கு ஒரு சொல்லடுக்கு உண்டு. வரிசை தெரிந்தால் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். முதலில் கோப்பியா, தேயா. அடுத்துப் பால், அடுத்துத் திடம், அடுத்து இனிப்பு, கடைசியில் பனிக்கட்டி.

வெறும் 'கோப்பி' என்றால் இனிப்பான கட்டிப்பால் போட்டது. 'கோப்பி ஓ' பால் இல்லாதது, சர்க்கரை உண்டு. 'கோப்பி சி' இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். திடம் வேண்டும் என்றால் 'காவ்', மெலிதாக என்றால் 'போ'. இனிப்புக் குறைக்க 'சியூ தாய்', அறவே வேண்டாம் என்றால் 'கோசோங்'. குளிர்ச்சிக்கு 'பெங்'. எடுத்துக்காட்டாக, "தே சி காவ் சியூ தாய், தாப்பாவ்". நம்மூர் ஸ்ட்ராங் டீக்குப் பக்கத்தில் வருவது இதுதான். மலேசிய மாமாக் கடையில் 'சியூ தாய்'க்குப் பதில் 'குராங் மானிஸ்', 'பெங்'குக்குப் பதில் 'ஆய்ஸ்'. 'கோசோங்' ஓ, சி இரண்டோடுதான் பொருந்தும். கட்டிப்பாலிலேயே சர்க்கரை இருக்கிறது, அதைப் போட்டுவிட்டு இனிப்பை எடுக்க முடியாது. நீரிழிவுக்காரர்கள் 'கோப்பி ஓ கோசோங்' என்று முழுசாகச் சொல்ல வேண்டும்.

கட்டித் தருவது தெளிவான பிளாஸ்டிக் பையில், மேலே தூக்க ஒரு நார் இருக்கும். மலேசியாவில் கேட்பார்கள்: 'ஈக்காட் தெப்பி'யா? அதாவது ஓரமாகக் கட்டவா? பையின் வாயை ஒரு பக்கமாகச் சுருக்கிக் கட்டி, மூலையில் ஸ்ட்ரா நுழைய இடம் விட்டுத் தருவார்கள். நடந்துகொண்டே குடிக்க அது. வீட்டுக்குக் கொண்டுபோய் ஊற்றிக் குடிப்பதாக இருந்தால் 'ஈக்காட் மாத்தி', இறுக்கக் கட்டு. மோட்டார் சைக்கிள் கொக்கியில் மாட்டுகிறவர்கள் இரண்டாவதைத்தான் சொல்ல வேண்டும்.

புதியவர்கள் செய்யும் தவறு, பையை மேசையில் வைப்பது. அது நிற்காது, ஒரு பக்கம் சரிந்து ஸ்ட்ரா வழியே கோப்பி வெளியேறும். குடித்து முடிக்கும்வரை அதைத் தொங்கவிட ஓர் இடம் வேண்டும், நாற்காலி முனை, கதவுக் கைப்பிடி, விரல், எதுவாவது. வீட்டில் பிரிக்கும்போது முடிச்சோடு மல்லுக்கட்டாதீர்கள். பையை முழுதாக ஓர் அகலக் குவளைக்குள் இறக்கி வையுங்கள். பையின் அடிமூலை ஒன்றைக் கத்தரிக்கோலால் நறுக்குங்கள். பிறகு பையை மெல்ல மேலே இழுத்தால் பானம் குவளையிலேயே தங்கும். சூப், சாம்பார், லக்சா குழம்பு எல்லாவற்றுக்கும் இதே வித்தைதான். சூடான பானத்தை ஸ்ட்ராவில் உறிஞ்ச வேண்டாம். பையில் கட்டிய சூடு சீக்கிரம் ஆறாது, நாக்கு வெந்துபோகும்.

எதைக் கட்டலாம், எது கட்டினால் கெடும்

எல்லாச் சாப்பாடும் தாப்பாவுக்கு ஒத்துவராது. கோழிச்சோறு, நாசி லெமாக், பிரியாணி, எக்கனாமிக் ரைஸ் ஒரு மணி நேரம் தாங்கும். சூப்பு மீ (நூடுல்ஸ்) வகைகளைக் கடைக்காரரே மீயைத் தனியாகவும் சூப்பைத் தனியாகவும் கட்டுவார். கட்டவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள், சேர்த்துக் கட்டினால் மீ தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். 'டிரை' மீ என்றால் சாறில்லாதது, இருபது நிமிடத்துக்குள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகும். உடன் வரும் சூப்பில் இரண்டு கரண்டி தெளித்துக் கிளறினால் பிரிந்துவிடும்.

பரோட்டா, பொரித்த கோழி, யூ தியாவ் (பொரித்த மாவுக்குச்சி) மூன்றும் மூடிய பெட்டியில் தம் ஆவியிலேயே வியர்த்து நமுத்துப் போகும். மூடியை இறுக்க அழுத்தாமல் ஓரம் திறந்து வைக்கச் சொல்லுங்கள், அல்லது தாளில் சுற்றச் சொல்லுங்கள். ஹொக்கியன் மீயைச் சில பழைய கடைகள் இன்னும் 'ஓப்பே' இலையில் கட்டித் தருகின்றன. 'ஓப்பே' என்றால் வேறொன்றுமில்லை, நம் பாக்குமட்டைதான். சூடு பட்டதும் அதிலிருந்து ஒரு மர வாசனை மீயில் ஏறும். பிளாஸ்டிக் பெட்டியா, மட்டையா என்று கேட்டால் கூடக் காசு கொடுத்தாவது மட்டை வாங்குங்கள்.

நாசி கண்டாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடித்தண்டு போட்டுச் சோறும் குழம்பும் சுமந்து விற்றதிலிருந்து வந்த பெயர் அது. 'கண்டார்' என்பது அந்தத் தண்டு. நாலைந்து குழம்பைக் கலந்து மேலே ஊற்றுவதற்கு 'பஞ்ஜிர்' என்பார்கள், வெள்ளம் என்று பொருள். தட்டில் அது அமிர்தம். பொட்டலத்தில் உண்மையிலேயே வெள்ளம், வீடு சேர்வதற்குள் பை முழுக்க மஞ்சள். தூரமாகப் போகிறவர்கள் கொஞ்சம் குழம்பைச் சோற்றிலும் மீதியைத் தனிப்பையிலும் கேளுங்கள்.

பழுப்புத்தாள் பொட்டலத்தைப் பிரிக்கவும் ஒரு முறை உண்டு. தாளின் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், குழம்பு ஊறாமல் தாங்குவது அதுதான். கடைக்காரர் நீளவாட்டு விளிம்புகள் இரண்டையும் மேலே சேர்த்து மடித்து, இரு முனைகளையும் அடியில் செருகி, ரப்பர் போட்டிருப்பார். மடிப்பு மேலே இருக்கும்படி வையுங்கள், ரப்பரைக் கழற்றுங்கள், முனைகளை முதலில் விடுவித்து விளிம்பைப் பிறகு விரியுங்கள். தலைகீழாகப் பிடித்து ரப்பரைக் கழற்றினால் சாப்பாடு தரையில்தான். விரித்த தாளே தட்டு.

சொந்தத் தூக்கு

அடுக்குப் பாத்திரத்தை மலாயில் 'திங்காட்' என்பார்கள். கடைக்குப் போகுமுன்பே மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, தாப்பாவ் என்று சொல்லும்போதே நீட்டிவிடுங்கள். பெட்டியில் எடுத்த பிறகு நீட்டினால் பெட்டியும் வீண், அவர் பொறுமையும் வீண். பாத்திரம் கழுவித் துடைத்து உலர்ந்திருக்க வேண்டும். அளவு கெட்டுப்போகும் என்றோ சுத்தம் காரணமாகவோ சில கடைக்காரர்கள் மறுப்பார்கள், அதை ஏற்றுக்கொள்வதுதான் மரியாதை. சூப்பு வகைக்கு எவர்சில்வர் தூக்கை மிஞ்ச எதுவும் இல்லை.

மிஞ்சியதைக் கட்டுவது

உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு மீதமானால், பரிமாறுபவரைக் கூப்பிட்டுத் தட்டைக் காட்டி "கேன் தாப்பாவ் ஆ?" என்றால் போதும். பெட்டி கொண்டுவந்து தருவார், சில இடங்களில் நீங்களே அள்ளிப் போட வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பஃபேயில் மட்டும் கேட்காதீர்கள், எங்கேயும் விட மாட்டார்கள். சீனத் திருமண விருந்தில் மேசை நிறைய மிஞ்சும். அங்கே மேசையில் மூத்தவரோ அழைத்தவரோ "தாப்பாவ் பண்ணுங்க" என்று சொன்ன பிறகு கை வைப்பதுதான் முறை.

சீனாவில் இது அரசுக் கொள்கையாகவே ஆகிவிட்டது. உணவு விரயத் தடைச் சட்டம் 2021 ஏப்ரல் 29 அன்று நிறைவேறியது. அளவுக்கு மீறி வாங்கி வீணாக்குபவரிடம் அதற்கான செலவை உணவகம் வசூலிக்க அது இடம் தருகிறது. அதனால் அங்கே பரிமாறுபவரே "தாப்பாவ்?" என்று கேட்பார்.

வழியிலும் வீட்டிலும்

சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலிலும் நிலையத்திலும் பொட்டலத்தைக் கையில் வைத்திருக்கலாம், பிரிக்கக் கூடாது. ஒரு வாய் கோப்பி உறிஞ்சினாலும் 500 வெள்ளி வரை அபராதம். ஸ்ட்ரா செருகிய பையோடு நுழைவாயிலைத் தாண்டாதீர்கள், பழக்கத்தில் வாய்க்குப் போய்விடும். டுரியான் பழத்துக்கு ரயிலில் இடமே இல்லை, கட்டியிருந்தாலும் சரி.

சூடு ஆறும் நேரம் முக்கியம். 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். இந்த ஊர் வெயிலில் வெளியே வைத்த சாப்பாடு எப்போதும் அந்த இடைவெளியில்தான் இருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள், இல்லையேல் குளிர்பெட்டியில் வையுங்கள். தேங்காய்ப்பால் சேர்ந்த லக்சாவும் லெமாக் வகைகளும் முதலில் புளிக்கும். சோறு கெடாது என்று நினைப்பது தவறு. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வெந்த சோற்றிலும் உயிரோடு இருக்கும். ஆறவிட்டால் முளைத்து, வாந்தி உண்டாக்கும் நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது. காலையில் வாங்கி மேசையில் விட்டுப்போன பொட்டலத்தை இரவில் சூடாக்கிச் சாப்பிடுவது அதனால்தான் ஆபத்து.

மைக்ரோவேவில் வைக்கப் பெட்டியின் அடியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 5 என்றிருந்தால் வைக்கலாம். வெள்ளை நுரைப்பெட்டியை வைக்கக் கூடாது, உருகும். பழுப்புத்தாளும் உள்ளே போகக் கூடாது. சின்ன மிளகாய்ப் பையில் ரப்பருக்குப் பதில் ஸ்டேப்லர் பின் குத்தியிருக்கும், அதை முதலில் தேடி எடுங்கள்.

மற்றவர்களுக்கும் சேர்த்து வாங்கும்போது

வேலையிடத்தில் யாராவது மதியம் வெளியே கிளம்பினால் "தாப்பாவ் ஃபார் மீ, கேன்?" என்று நாலு குரல் எழும். மூன்றுக்கு மேல் போனால் வாயால் சொல்லி வாங்காதீர்கள், கைபேசியில் எழுதிக் கடைக்காரரிடம் திரையைக் காட்டுங்கள். எல்லாம் ஒரே கடையிலிருந்து என்றால் உச்சிவேளைக்கு முன்னால், 11.30 வாக்கில் போய்விடுங்கள். 12.15க்கு ஒருவர் எட்டுப் பொட்டலம் கேட்டால் பின்னால் நிற்கும் பத்துப் பேரின் மதிய இடைவேளை கரைந்துபோகும். பெட்டிக் காசையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து, பொட்டலம் கை மாறும்போதே பேநௌவில் (கைபேசிவழிப் பணப் பரிமாற்றம்) வாங்கிக்கொள்ளுங்கள். "அப்புறம் தரேன்" என்பதில் தொலைவது 30 காசுதான், ஆனால் தினம் எட்டுப் பேர். சூப்புப் பைகளை எல்லாப் பொட்டலத்துக்கும் மேலே வைக்காதீர்கள். அடியில் ஒரு பெட்டிக்குள் நிறுத்தி, சோற்றுப் பொட்டலங்களைச் சுற்றி அடுக்கினால் கவிழாது.